காணாமல் போன மென்றாயி

“தொடாத! கையை எடு! அது என் படம்!”

“உன் படமா? பென்சில் சீவத் தெரியாதவளுக்குப் படம் ஒரு கேடா!”

“யாருக்குத் தெரியாது? யாருக்குக்கா தெரியாது? ராத்திரி பகல் பார்க்காம கண்ணு எரிய எரிய...”

“எரியத்தான் செய்யும். போனையே பார்த்துக்கிட்டிருந்தா எரியாம குளுகுளுன்னா இருக்கும்?”

“அம்மா தாயே, ரெண்டு பேரும் அந்த மேசையை விட்டுட்டுத் தள்ளி நின்னு அடிச்சுக்குங்க! தாள் கசங்கிடும்!”

கடைசியாகக் கத்தியவர் அச்சக மேலாளர். அவருடைய மாடி அறைதான் போர்க்களம். கீழே மெஷின்கள் ஓடும் அதிர்வில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அது விளிம்புக்கு வரும்போதெல்லாம் அவர் பார்க்காமலே கையை நீட்டி நடுவுக்குத் தள்ளிவிட்டார். பல வருஷப் பழக்கம். அவர் பின்னால் சுவரில் ஆடிய காலண்டர் விலகும்போதெல்லாம் ஒரு விரிசல் தெரிந்து மறைந்தது.

வாசலில் அண்ணியோடு நின்றிருந்த கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான்.

“அண்ணி, இப்படியே திரும்பிடலாமா? இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா, நம்ம வீட்டிலேயே தினமும் நடக்குதே.”

“நம்ம வீட்டுல நான் ஒருத்திதானே பேசுறேன்?”

“அதான் சொல்றேன். இங்க சத்தம் குறைச்சலா இருக்கு.”

அண்ணி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள், வேலை நேரத்தில் சிரிப்பதில்லை என்பது அவளுடைய கொள்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கோடு வருகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தே முடி நரைத்தவள். அங்கிருந்து வெளியே வந்ததும் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். எந்த வேலையிலும் ஒட்டாத புருஷனின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டாள். “வீட்டுல இருந்தா நீ சாப்பிட்டுத் தீர்த்துடுவ, அதுக்கு ஆபீசுக்கு வா” என்பதுதான் அவனுக்குக் கிடைத்த நியமன உத்தரவு.

“மேடம் வந்துட்டாங்க!” என்று ஓடி வந்தாள் தங்கைக்காரி. இவர்களை வரவழைத்தவள் அவள்தான். பூப்போல முகம். அந்தக் கண்களில் கண்ணீர் விழவும் இல்லை, வற்றவும் இல்லை. விளிம்பிலேயே அழகாக நின்றது. கொழுந்தனின் கை தானாகப் பாக்கெட்டில் இருந்த கைக்குட்டைக்குப் போனது.

அக்காக்காரி அப்படியே எதிர்ப்பதம். கட்டையாக வெட்டின தலைமுடி, விரல் நகத்தில் மை, ஆளைப் பார்த்தால் கடித்துவிடுவாள் போல ஒரு பார்வை.

“நீ யாரு? இவங்க பையைத் தூக்கிட்டு வர்ற ஆளா?” என்று கொழுந்தனைக் கேட்டாள்.

“சில நாள் பையும் தூக்குவேன். மத்த நாள் மூளையை உபயோகிப்பேன்.”

“அப்ப இன்னிக்குப் பை தூக்கற நாளா?”

அண்ணி மேசைக்குப் போய்விட்டாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளில் மூளையின் படம். பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தாள்கள். மருத்துவ மாணவர்களுக்கான புத்தகத்தில் சேரப்போகிற பக்கம் அது. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் மூடிய மண்டை. முதல் தாளைத் தூக்கினால் ஓர் உறை கழன்றுவிடும். இரண்டாவதைத் தூக்கினால் அடுத்த உறை.

“மூளைக்கு மூணு உறை மேடம்,” என்றாள் தங்கைக்காரி. “வன்றாயி, சிலந்திச் சவ்வு, மென்றாயி. மூணுக்கும் மூணு தாள் வரைஞ்சேன். இப்ப ரெண்டுதான் இருக்கு. மென்றாயியைக் காணோம். அக்காதான் எங்கேயோ ஒளிச்சு வெச்சுக்கிட்டு, மொத்தப் படமும் தன்னுதுங்கிறா.”

“வன்றாயி, மென்றாயின்னா யாரு? ரெண்டு சம்பந்தியம்மாவா?” என்றான் கொழுந்தன்.

“வன் தாய், மென் தாய். மேல தோல் மாதிரி கெட்டியா இருக்கிறது வன்றாயி. மூளையோட ஒட்டி மெல்லிசா இருக்கிறது மென்றாயி. நடுவுல வலை பின்னின மாதிரி சிலந்திச் சவ்வு.”

“கெட்டி அம்மாவுக்கும் இளகின அம்மாவுக்கும் நடுவுல சத்தம் போடாம ஒரு சிலந்தியா? அது அப்பாவாத்தான் இருக்கும்.”

மேலாளர் சிரித்தார். அண்ணியின் ஒரு பார்வையில் சிரிப்பு நின்றது.

“யார் வரைஞ்சதுன்னு உங்களுக்கே தெரியாதா சார்?”

“எப்படிம்மா தெரியும்? ‘சகோதரிகள் ஓவியக்கூட’த்துக்கு வேலை கொடுத்தோம். எப்பவும் சின்னவங்கதான் வாங்கிட்டுப் போவாங்க, அவங்கதான் கொண்டு வந்து கொடுப்பாங்க. பெரியவங்களை நான் பார்க்கிறதே இன்னிக்குத்தான். புத்தகம் எழுதின டாக்டரோ கடல் கடந்து எங்கேயோ மாநாட்டுல இருக்கார். போனை எடுக்க மாட்டேங்கிறார். இதுவரைக்கும் எந்தப் புத்தகத்துலயும் ஓவியக்கூடத்தோட பேரைப் பொடி எழுத்துல உள்ளே போடுவோம். இந்தத் தடவைதான் வரைஞ்சவங்க பேரை அட்டையில போடணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில வந்த வினை இது.”

“கையெழுத்து?”

“கூடத்தோட பேரைத்தான் போடுவோம், அதுவும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா,” என்றாள் அக்காக்காரி. “திருத்தம் சொல்லி முடிச்ச அப்புறம். அதுதான் எங்க வழக்கம்.”

“சாயங்காலம் அட்டை மெஷின்ல ஏறணும்,” என்றார் மேலாளர். “நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். மூணாவது தாளை யாரு கொண்டு வர்றாங்களோ அவங்க பேருதான் அட்டையில. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச நியாயம்.”

அக்காக்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தேடவிடுகிற ஆள் சிரிக்கிற சிரிப்பு.

“தேடுங்க. பீரோ, பரண், குப்பைக் கூடை எல்லாத்தையும் திறந்து விடுறேன். மூணாவது தாள் கிடைச்சுதுன்னா என் பேரை நானே அடிச்சுடறேன்.”

ஓவியக்கூடம் ஒரே ஹால்தான். ஆனால் நடுவில் கோடு போட்டதுபோல இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் பூச்சாடி, மெத்தை நாற்காலி, வருகிறவர்களுக்குக் காட்ட மாதிரிப் படங்கள் ஒட்டின ஆல்பம். இன்னொரு பக்கம் பிளாஸ்டர் மண்டையோடுகள், மைப் புட்டிகள், ஆணியில் தொங்கிய ஓர் அழுக்கு மேலங்கி. அந்த மேலங்கிப் பக்கம் போன கொழுந்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

“என்ன நாத்தம்! எலி செத்துக் கிடக்கா?”

“பார்மலின்,” என்றாள் அக்காக்காரி, பென்சிலைச் சீவியபடி. “மூளையை அதுலதான் போட்டு வைப்பாங்க. உனக்குப் பழக்கம் இருக்காது.”

“எதுல, பார்மலின்லயா?”

“மூளையில.”

தங்கைக்காரி காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். கூடவே பிஸ்கெட். கொழுந்தன் அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டான். பிஸ்கெட் கொடுக்கிறவள் திருடியாக இருக்க முடியாது. அவன் கட்டிலடியில் புகுந்தான், பரணில் ஏறினான், பீரோவின் பின்னால் கையை விட்டு ஒரு பல்லியின் வாலோடு திரும்பி வந்தான். தொலைந்துபோன கத்தரிக்கோல் ஒன்று கிடைத்தது. காய்ந்துபோன பசை டப்பா கிடைத்தது. மென்றாயி கிடைக்கவில்லை.

அண்ணி எதையும் தேடவில்லை. அக்காக்காரிக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என் கொழுந்தன் பல்லிங்களைத் தொந்தரவு பண்றதை நிறுத்திடுவான்.”

“சொல்ல மாட்டேன். உங்களைக் கூப்பிட்டது யாரு?”

“உங்க தங்கச்சி.”

“அப்ப உங்ககிட்ட சொல்றதும் அவ காதுல சொல்றதும் ஒண்ணுதான்.”

“சொன்னா உங்களுக்குத்தானே நல்லது?”

“சொல்லாம இருக்கறதுதான் எனக்கு நல்லது.” அவள் பென்சில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இத்தனை வருஷமா வரையறேன். இதுவரைக்கும் என் பேரை அச்செழுத்துல நான் பார்த்ததில்ல. இப்ப ஒரு தடவை வந்திருக்கு. இதை விட்டேன்னா இன்னொண்ணு வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். புரியறவங்களுக்குப் புரியட்டும்.”

“பெரிய பிடிவாதம்தான் உங்களுக்கு.”

“வீட்டுல பெரியவளாப் பொறந்தா வேற என்ன கிடைக்கும்?”

அண்ணி எழுந்தாள். போகிற போக்கில் தங்கைக்காரியிடம் கேட்டாள்: “அந்த மூணாவது தாளு எப்படி இருக்கும்? பார்த்தா எனக்கு அடையாளம் தெரியணுமே.”

“ரொம்ப மெல்லிசான கோடுங்க மேடம். செவப்பா, கிளை கிளையா... ரத்தக் குழாய் ஓடற மாதிரி. பார்த்தாலே தெரியும்.”

“சரிம்மா. அழாதீங்க. கண்டுபிடிச்சுடலாம்.”

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் சட்டையில் இருந்த ஒட்டடையைத் தட்டினான்.

“அந்தப் பென்சில்காரி மேல எனக்குச் சந்தேகமே இல்ல அண்ணி. அவதான். ஒரு மனுஷனுக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டாளா?”

“தண்ணி கொடுக்காதவங்களையெல்லாம் உள்ளே தள்ளணும்னா ஜெயில் பத்தாது.”

“இப்ப எங்க போறோம்?”

“மூளையைப் பார்க்க.”

“எதுக்கு அலையணும்? என்கிட்டயே இருக்கே.”

“இருக்கிற இடத்துக்குப் போகலாம்னு சொன்னேன்.”

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஆனாலும் கண் எரிந்தது. பேராசிரியை குட்டையாக, சுறுசுறுப்பாக, யாருடைய பேச்சும் முடிவதற்குள் பதில் சொல்கிறவராக இருந்தார்.

“ஓவியக்காரங்களா? வருவாங்க. ஒரு பொம்பளை மாசக்கணக்கா வந்தா. முகம் கேட்காதீங்க. தலைக்குத் தொப்பி, மூக்குக்கு மறைப்பு, கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் அங்கி. என் வீட்டுக்காரரே உள்ளே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. உங்களுக்கு என்ன வேணும்?”

“மூளையோட மூணு உறையையும் பார்க்கணும்,” என்றாள் அண்ணி. “கையால கழட்டிப் பார்க்கணும். நான் இல்ல, இவன்.”

“அண்ணி!”

“தம்பி, கையுறை அங்க இருக்கு,” என்றார் பேராசிரியை. “மயக்கம் வந்தா அந்தப் பக்கமா விழுங்க. இந்தப் பக்கம் கண்ணாடி ஜாடி.”

மண்டையோட்டின் மேல் பாதி ஏற்கெனவே தொப்பிபோல எடுக்கப்பட்டிருந்தது. உள்ளே கொழுந்தன் எதிர்பார்த்த மூளை இல்லை. பழுப்பும் வெள்ளையுமாக ஒரு தோல் விரிப்பு. பேராசிரியை கையில் கொடுத்த கத்தரியால் வெட்டிப் பிடித்து இழுத்தான். சூட்கேசின் உள்துணிபோலக் கெட்டியாக, முரண்டு பிடித்துக்கொண்டு, ஆனால் முழுசாக வந்தது.

“வன்றாயி,” என்றார் பேராசிரியை. “மண்டைக்குள்ள மூளை குலுங்காம பிடிச்சு வைக்கிறவ.”

“அம்மான்னு ஏன் டாக்டர் பேரு? உறைன்னு சொன்னா ஆகாதா?”

“பழைய காலத்துல வேற ஒரு தேசத்து வைத்தியர்கள், ஒண்ணைச் சுத்திப் பிடிச்சுப் பாதுகாக்கிறதை அதோட அம்மான்னு சொல்லியிருக்காங்க. அவங்க பேச்சுல அது சாதாரணம். இன்னொரு பாஷைக்கு மாத்தினவங்க வார்த்தைக்கு வார்த்தை அப்படியே மாத்திட்டாங்க. அது அங்கேர்ந்து ஊர் ஊராப் போய் நம்ம பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்துடுச்சு. ஊருல மூளைக்காய்ச்சல்னு பயப்படறாங்களே, அதுல பாதி இந்த அம்மாக்களுக்கு வர்ற காய்ச்சல்தான். ம், அடுத்தது.”

அடுத்தது சிலந்திச் சவ்வு. ஈரமான பாலித்தீன்போல மூளையின் மடிப்புகளுக்கு மேலே பாலம் போட்டுக்கொண்டு கிடந்தது. பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. இடுக்கியால் கிள்ளிப் பிடித்தான். கொஞ்சம் கிழிந்தது, கொஞ்சம் வந்தது. வந்த வரைக்கும் அவனுக்கே பெருமையாக இருந்தது.

“அடுத்தது மென்றாயிதானே? எங்க இருக்கு?”

“கண்ணு முன்னாடிதான். எடுங்க.”

எடுத்தான். இடுக்கியில் ஏதோ வந்தது. உற்றுப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

“ஐயையோ! மூளையே பிஞ்சு வருது!”

“வரும். அவ அப்படித்தான்.” பேராசிரியை அமைதியாக இடுக்கியை வாங்கிக்கொண்டார். “வன்றாயி தள்ளி நின்னு காவல் காக்கறவ, தனியா வந்துடுவா. மென்றாயி ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் இறங்கி ஒட்டிக்கிட்டிருப்பா. இழுத்தா ஒண்ணு அந்தச் சிலந்தியோட சேர்ந்து கிழிசலா வருவா, இல்ல மூளையையும் பிடுங்கிக்கிட்டு வருவா. தனியா முழுசா ஒரு தாள் மாதிரி அவளைக் கழட்டி நான் பார்த்ததில்ல. படிச்சு எழுதறவங்க மூணுன்னு எண்ணுவாங்க. தொட்டுப் பார்த்தவங்க, ரெண்டைக் கழட்டலாம், ஒண்ணைக் கழட்ட முடியாதும்பாங்க.”

அண்ணி போனை நீட்டினாள். அச்சகத்து மேசையில் இருந்த வெள்ளைத் தாளை அவள் எப்போதோ படம் பிடித்து வைத்திருந்தாள்.

“இதுல மென்றாயி இருக்கா டாக்டர்?”

பேராசிரியை கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். முதல் தடவையாக உடனே பதில் சொல்லவில்லை.

“இருக்கே. நல்லாவே இருக்கே. இந்த மினுமினுப்பைப் பாருங்க, மூளை மேலயே படிஞ்சு பள்ளத்துக்குள்ள இறங்குது. வரைஞ்சது யாராயிருந்தாலும் இடுக்கியை வெச்சு இழுத்துத் தோத்துப் பார்த்த கை.”

கொழுந்தன் கையுறையைக் கழற்றுவதை மறந்து நின்றான். நடைபாதைக்கு வந்ததும் அண்ணியை மறித்தான்.

“அப்ப மூணாவது தாள்னு ஒண்ணு...”

“பொறக்கவே இல்ல.”

“காலையிலேர்ந்து அது மேசை மேலயே இருந்திருக்கு. நாம அதுக்குப் பரண்ல ஏறியிருக்கோம்.”

“நீ ஏறின.”

“அப்ப நம்மைக் கூப்பிட்ட மகராசி, அக்கா மேசையிலேர்ந்து படத்தை எடுத்துக்கிட்டு வந்து, எடுத்ததுல ஒண்ணு குறையுதேன்னு நம்மகிட்ட புகார் கொடுத்திருக்காளா? எனக்குத் தெரிஞ்சு எந்தத் திருடனும் இப்படி நியாயம் கேட்டதில்ல!”

“புத்தகத்துல மூணு உறையோட பேரு இருந்துச்சு. தாளை எண்ணினா ரெண்டு இருந்துச்சு. அக்கா ஒண்ணை மறைச்சுட்டான்னு நிஜமாவே நம்பிட்டா. அந்த மட்டுக்கும் அவ அழுகை பொய்யில்ல.”

“வாங்க, நேராப் போய்ச் சொல்லிடலாம்.”

“சொன்னா? ‘ஐயோ, பதட்டத்துல தப்பா எண்ணிட்டேன், ரெண்டுதான் வரைஞ்சேன்’னு அழுவா. நீ கைக்குட்டையை நீட்டுவ. மேலாளர் கண்ணைத் துடைச்சுக்குவார். கதை முடிஞ்சுடும்.” அண்ணி நடந்துகொண்டே யோசித்தாள். “உனக்கு ஸ்டூல் மேல நிக்கத் தெரியுமா?”

“காலையிலேர்ந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்?”

“இன்னும் ஒரு தடவை. இந்தத் தடவை கையில ஒரு செவப்புப் பென்சிலும் இருக்கும்.”

சாயங்காலம் சகோதரிகள் இருவரும் அச்சகத்து மாடிக்கு வந்தபோது கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அண்ணியின் முன்னால் விளக்கு மேசையில் ஒரு கண்ணாடித் தாள். அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள், கிளை கிளையாக.

“ஒரு தாள் கையில இருக்கு,” என்றாள் அண்ணி. “இது உங்க ஓவியக்கூடத்துலேர்ந்து எடுத்ததில்ல. எங்கேர்ந்து எடுத்தோம்கிறதை அப்புறம் சொல்றேன். முதல்ல இது உங்களுதான்னு பார்த்துச் சொல்லுங்கம்மா.”

தங்கைக்காரி ஓடி வந்தாள். இரண்டு கையாலும் தாளைத் தூக்கினாள். இவ்வளவு நேரமும் விளிம்பில் நின்ற கண்ணீர் இப்போது கன்னத்தில் இறங்கியது.

“இதேதான்! இதேதான் மேடம்! என் மென்றாயி!”

“நல்லாப் பாருங்க. அவசரமே இல்ல.”

“என் கை எனக்குத் தெரியாதா மேடம்? இதோ, இந்தப் பெரிய கிளை. இதை வரையும்போதுதான் கரண்ட் போச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல முடிச்சேன்.”

“இங்க ஒரு இடத்துல கோடு துள்ளியிருக்கே?” என்றான் கொழுந்தன், ரொம்ப மரியாதையாக.

“அன்னிக்கு எனக்கு ஜுரம் சார். கை நடுங்கிடுச்சு.”

கொழுந்தன் தலையை ஆட்டினான். அந்த இடத்தில் ஸ்டூலின் ஒரு கால் ஆடியது அவனுக்குத்தானே தெரியும்.

மேலாளர் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தார். “அப்பாடா. அப்ப சின்னவங்க பேரைப் போட்டுடலாம். பெரியவங்களே, நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க.”

அக்காக்காரி அந்தத் தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று கொழுந்தனுக்குப் பிடிபடவில்லை.

“ஒரு நிமிஷம் சார்,” என்று அண்ணி எழுந்தாள். தங்கைக்காரியின் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கினாள். மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் போய், சுவரில் தொங்கிய பெரிய காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்தாள். அங்கே சுவர் நெடுகப் பிளந்து, கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு விரிசல் ஓடியிருந்தது. தாளை அதன்மேல் வைத்து, ஒரு விரல் அளவு மேலே நகர்த்தினாள்.

ஒவ்வொரு சிவப்புக் கோடும் ஒவ்வொரு விரிசலில் போய்ப் படுத்துக்கொண்டது.

கீழே மெஷின் ஓடியது. டம்ளர் விளிம்புக்கு வந்தது; மேலாளர் இந்தத் தடவை அதைத் தள்ளவில்லை.

“இது... இது என் சுவரு!” என்றார்.

“ஆமாம் சார். இவங்க ஜுரத்தோட, மெழுகுவத்தி வெளிச்சத்துல, உங்க சுவத்தை வரைஞ்சிருக்காங்க.”

“கட்டடக்காரன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், பூசிக் கொடுய்யான்னு!”

“பூசாம விட்டதுக்கு அவரை நாங்க கும்பிடணும்,” என்றான் கொழுந்தன் டம்ளரைப் பிடித்தபடி.

அண்ணி விளக்கினாள். நிறையப் பேசவில்லை. மேலாளர் கீழே மெஷினைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் கொழுந்தன் ஸ்டூலில் ஏறி விரிசலைப் பார்த்து எடுத்த பிரதி அது. தனியாகக் கழன்று வரும் உறைகள் இரண்டு. அதற்குத் தாள் இரண்டு. தனியாகக் கழற்ற முடியாதது ஒன்று. அது மூளைமேலேயே வரையப்பட்டிருக்கிறது. வரைந்தவளுக்கு மூன்றாவது தாள் தேவைப்படவே இல்லை. அது காணாமல்போனதாகச் சொல்ல, வரையாத ஒருத்தியால்தான் முடியும்.

“ஏம்மா, இதை நீங்க காலையிலேயே சொல்லியிருக்கலாமே?” என்று மேலாளர் அக்காக்காரியைக் கேட்டார்.

“சொல்லியிருந்தா இவளும் கேட்டுக்கிட்டு, ‘ஆமா, ரெண்டே தாள்தான்’னு இருப்பா. இவ கத்துக்கிற வேகம் உங்களுக்குத் தெரியாது. இவளாத் தேடணும். தேடத் தேடத்தான் மாட்டுவா.” அவள் அண்ணியைப் பார்த்தாள். “நீங்க பிஸ்கெட்டுக்கு மயங்கலை போலிருக்கு.”

“எனக்குக் கொடுக்கலை. எல்லாத்தையும் இவனே தின்னுட்டான்.”

மேலாளர் பேனாவைத் திருப்பி அக்காக்காரியிடம் நீட்டினார். “கையெழுத்தைப் போடுங்கம்மா. மூலையில, வழக்கமா ஓவியக்கூடத்தோட பேரு வர்ற இடத்துல. அட்டைக்கும் அதையேதான் எடுக்கப்போறோம்.”

அக்காக்காரி குனிந்தாள். பேனா தாளைத் தொடுவதற்கு முன் மைபடிந்த நகங்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள்போல. பிறகு எழுதினாள். பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக.

தங்கைக்காரி அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். கன்னம் காய்ந்துவிட்டது. கொழுந்தன் நீட்டிய கைக்குட்டையை அவள் கவனிக்கவே இல்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இனி அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அவள் வாசல்வரை போனாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அந்தக் குரலில் இப்போது தேனும் இல்லை, நடுக்கமும் இல்லை.

“நான் எடுத்தது தப்புதான். இல்லேங்கலை. ஆனா உனக்கு வேலை பிடிச்சுக் கொடுக்க நான் ஏறாத படி இந்த ஊர்ல இல்ல. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ‘எங்க அக்கா வரைவா, எங்க அக்கா மாதிரி யாராலயும் வரைய முடியாது’ன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சிருக்கு. நீ யாருகிட்டயாவது, என்னிக்காவது ஒரு தடவை, எனக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு சொல்லியிருக்கியாக்கா?”